கண்ணுக்கு ஒன்று, கருவிக்கு வேறு

ஒப்பீட்டுக் கருவியைத் திட்டுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு சொல்கூட மாறாத கோப்பைக் கொடுத்தால் முழுக்க மாறிவிட்டது என்று சிவப்படித்துக் காட்டுகிறதே என்று புலம்புகிறவர்கள் முதல் வகை. மாறியதைக் காட்டாமல் விழுங்கிவிட்டதே என்கிறவர்கள் இரண்டாம் வகை. முதல் வகையினர்தான் அதிகம். ஆனால் கைக்காசை இழப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையினர்.

ஒப்பந்தம், பாடநூல் கைப்பிரதி, நிரல், மொழிபெயர்ப்பு, அரசாணை வரைவு என்று எதை எடுத்தாலும் இன்று குறைந்தது இரண்டு பதிப்புகள் இருக்கின்றன: நாம் அனுப்பியது, திரும்பி வந்தது. நடுவில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கருவிகள். வேர்டில் ‘கம்பேர்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நிரலாளர்களுக்கு டிஃப், கிட், வின்மெர்ஜ், மெல்டு, பியாண்ட் கம்பேர் என்று பல. திரைத்தோற்றம் வேறுவேறாக இருந்தாலும் உள்ளே ஓடும் கணக்கு ஏறக்குறைய ஒரே குடும்பம். அது எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதே இல்லை என்று தெரிந்துவிட்டால், கருவி உளறும்போது எங்கே கைவைப்பது என்பதும் தெரிந்துவிடும்.

கணினிக்கு வெளியேயும் இந்த வேலைக்கு ஓர் இயந்திரம் இருந்தது. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்க அறிஞர் சார்ல்டன் ஹின்மன், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டு முதல் ஃபோலியோ பிரதிகளை ஒப்பிடுவதற்காக ஓர் ஒளியியல் கருவியை உருவாக்கினார். வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகத்தில் அந்த நூலின் பிரதிகள் ஏராளம். இரண்டு பிரதிகளின் ஒரே பக்கத்தைக் கண்ணாடிகள் வழியே ஒன்றன்மேல் ஒன்று விழச் செய்து, விளக்குகளை மாற்றி மாற்றி எரியவிட்டால், வேறுபடும் எழுத்து மட்டும் கண்ணுக்கு முன் துடிக்கும். வெவ்வேறு இரவுகளில் எடுத்த வானப் படங்களை இப்படி மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் 1930இல் கிளைட் டாம்பா புளூட்டோவைப் பிடித்தார்.

அருமையான கருவிதான். ஆனால் இரண்டு பக்கங்களும் ஒரே அச்சுக்கோப்பிலிருந்து வந்திருக்க வேண்டும். நடுவே ஒரு வரி கூடுதலாகச் சேர்ந்துவிட்டால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் துடிக்கும். அதாவது, எதற்கு எது இணை என்று யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால் வேறுபாட்டைக் காண்பது சுலபம். இணை எது என்று கண்டுபிடிப்பதில்தான் கஷ்டம் முழுவதும் இருக்கிறது.

அந்தக் கஷ்டத்தைத் தீர்த்த நிரல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. டக்ளஸ் மக்கில்ராய் எழுதிய டிஃப், 1974இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்தது. அதன் உள்முறையை விளக்கி ஜேம்ஸ் ஹன்ட்டும் மக்கில்ராயும் சேர்ந்து எழுதிய அறிக்கை 1976இல் வந்தது. அவர்கள் கேள்வியையே தலைகீழாகப் போட்டார்கள். வேறுபாட்டைத் தேடாதே, பொதுவானதைத் தேடு. இரண்டு கோப்புகளிலும் வரிசை மாறாமல் வருகிற, இடையில் வரிகள் விட்டுப்போனாலும் பரவாயில்லை என்கிற, மிக நீளமான தொடரைக் கண்டுபிடி. அந்தத் தொடரில் சேராமல் பழைய கோப்பில் மிஞ்சியவை நீக்கப்பட்டவை, புதிய கோப்பில் மிஞ்சியவை சேர்க்கப்பட்டவை. அந்தத் தொடரை மிக நீண்ட பொதுத் துணைத்தொடர் என்பார்கள்.

சொல்ல எளிது. முப்பது வரிக் கோப்பிலிருந்து எடுக்கக்கூடிய துணைத்தொடர்களின் எண்ணிக்கை மட்டுமே 107 கோடியைத் தாண்டும். ஒவ்வொன்றாகச் சோதிப்பது நடக்காத காரியம். கட்டம் போட்டால் நடக்கும்: ஒரு பதிப்பின் வரிகளைக் குறுக்கேயும் மற்றதின் வரிகளை நெடுக்கேயும் வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் அதுவரை கிடைத்த பொதுத்தொடரின் நீளத்தை எழுதிக்கொண்டே போகலாம். ஆளுக்குப் பத்தாயிரம் வரி என்றால் 10 கோடிக் கட்டங்கள். அன்றைய பிடிபி-11 கணினிக்கு 16 பிட் முகவரி. ஒரே வீச்சில் எட்டக்கூடியது 64 கிலோபைட். அதற்குள் அடங்குவதற்காக ஹன்ட்டும் மக்கில்ராயும் ஒவ்வொரு வரியையும் ஒரு சிறிய எண்ணாகச் சுருக்கிவிட்டு, பொருத்தம் விழுகிற கட்டங்களை மட்டும் கவனித்தார்கள். பிறகு 1986இல் யூஜீன் மையர்ஸ் இன்னும் ஒரு படி போனார். கட்டம் முழுவதையும் நிரப்ப வேண்டியதில்லை. மூலைக்கு மூலை போகும் பாதையை ஒட்டியே தேடினால் போதும், ஆகும் நேரம் கோப்பின் நீளத்தையும் வேறுபாடுகளின் எண்ணிக்கையையும் பெருக்கிய அளவுதான் என்று காட்டினார். இன்று கிட் இயல்பாக ஓட்டுவது இந்த முறையின் வாரிசைத்தான். இதே மையர்ஸ் பின்னாளில் செலேரா நிறுவனத்தில் மனித மரபணுத்தொகையைத் துண்டுகளிலிருந்து கோத்தெடுத்த பணியில் முன்னின்றவர். உயிரியலாளர்கள் இரண்டு புரதத் தொடர்களை இணைவைத்துப் பார்க்க நீடில்மன்-உன்ஷ் முறையை 1970இலேயே கொண்டுவந்துவிட்டார்கள். துறைதான் வேறு, போட்ட கட்டம் அதே கட்டம்.

மையர்ஸின் அந்தப் பெருக்கலில் பழுது பார்ப்பவருக்கு ஒரு துப்பு இருக்கிறது. இருபதாயிரம் வரிக் கோப்பில் பத்து இடம் மாறியிருந்தால் கருவி கண்ணிமைப்பதற்குள் முடித்துவிடும். எல்லா வரியும் மாறியிருந்தால் பெருக்கலின் இரண்டு பக்கமும் ஏறி, வேலை வரிகளின் வர்க்கத்துக்குப் போய்விடும். ஆகவே நேற்றுவரை சட்டென்று திறந்த கோப்பு இன்று கருவியைத் தொங்கவிடுகிறது என்றால், கணினியைக் குறை சொல்வதற்கு முன், எல்லா வரிகளையும் ஒரேயடியாகத் தொட்ட ஏதோ ஒன்று நடந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த நிலையில் பல கருவிகள் பொறுமையிழந்து குறுக்குவழியில் இறங்கும். அப்போது வரும் பதில் தப்பாக இருக்காது, ஆனால் தேவைக்கு மேல் நீளமாக இருக்கும். குனூ டிஃப்பில் ‘மினிமல்’ என்ற தெரிவைச் சேர்த்தால் குறுக்குவழியை விட்டுவிட்டு மெனக்கெட்டுத் தேடும்.

எல்லா வரிகளையும் ஒரேயடியாக எது தொடும்? பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. கருவியைப் பொறுத்தவரை இரண்டு வரிகள் ஒன்று என்றால், பைட்டுக்குப் பைட் ஒன்று. அதற்குப் படிக்கத் தெரியாது, எழுத்துருவும் தெரியாது.

முதல் சந்தேகம் வரிமுடிவின் மேல் விழ வேண்டும். பழைய தொலையச்சு இயந்திரத்தில் ஒரு வரி முடிந்ததும் இரண்டு வேலைகள்: அச்சுப்பகுதியை இடது ஓரத்துக்குக் கொண்டுபோவது, தாளை ஒரு வரி ஏற்றுவது. முதலாவதற்குக் குறியெண் 13, இரண்டாவதற்கு 10. டாஸும் அதன் வழிவந்த விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன. யூனிக்ஸ் 10 மட்டும் போதும் என்றது. பழைய மேக் 13 மட்டும் போதும் என்றது. தாளும் அச்சுத்தலையும் போய் எத்தனையோ ஆண்டுகளாகிவிட்டன, இந்தத் தகராறு மட்டும் போகவில்லை. விண்டோஸில் எழுதிய கோப்பை லினக்ஸ்காரர் ஒருவர் திறந்து சேமித்து அனுப்பினால், ஒரு சொல்லைக்கூடத் தொடாமலே ஒவ்வொரு வரியிலும் ஒரு பைட் குறைந்திருக்கலாம். கருவிக்கு எல்லா வரியும் புதுசு. பழைய மேக் கோப்பு கையில் சிக்கினால் வேடிக்கை வேறு விதம்: 10 என்ற பைட்டே இல்லாததால் முழு நூலும் ஒரே வரி. விண்டோஸின் நோட்பேடுக்கே 2018 வரை யூனிக்ஸ் வரிமுடிவு புரியாமல்தான் இருந்தது. குனூ டிஃப்பில் வரியின் வாலில் வரும் 13ஐ உதறிவிடச் சொல்லும் தெரிவு உண்டு. கிட்டில் எந்த வகைக் கோப்புக்கு எந்த வரிமுடிவு என்று திட்டத்தின் அளவிலேயே எழுதிவைத்துவிடலாம். குழுவாக வேலை செய்கிறவர்கள் முதல் நாளே செய்துவிட வேண்டிய காரியம் இது.

அடுத்தது கோப்பின் தலையில் உட்காரும் மூன்று பைட்டுகள்: 239, 187, 191. யூடிஎஃப்-8 கோப்பு இது என்று அறிவிக்கும் அடையாளக் குறி. திரையில் ஒன்றும் தெரியாது. முதல் வரி மட்டும் மாறியிருக்கிறது, ஆனால் எவ்வளவு உற்றுப்பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது என்றால் இதுதான். கோப்பின் கடைசி வரியில் மட்டும் இதே கதை நடந்தால், அங்கே வரிமுடிவு விட்டுப்போயிருக்கும். டிஃப் அதை ஒளிக்காமல், ‘கோப்பின் முடிவில் புதுவரி இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு போடும். பலர் அதைப் பிழைச் செய்தி என்று நினைத்துப் பயந்துபோகிறார்கள்.

எனக்குப் பிடித்த சோதனை, கோப்பைத் திறக்காமல் அளவை மட்டும் பார்ப்பது. கிலோபைட்டில் அல்ல, பைட்டில். 850 வரிக் கோப்பு; இரண்டு பதிப்புகளுக்கும் வித்தியாசம் சரியாக 850 பைட் என்றால் வரிமுடிவு என்று எழுதியே கொடுத்துவிடலாம். மூன்றே பைட் என்றால் தலையில் உள்ள அடையாளக் குறி. தமிழ்க் கோப்பில் இன்னொரு விகிதமும் உதவும். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், யூடிஎஃப்-16இல் இரண்டு. ஒரு பதிப்பு மற்றதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் யாரோ குறியேற்றத்தை மாற்றிச் சேமித்திருக்கிறார்கள். ஆங்கிலக் கோப்பாக இருந்தால் இதே மாற்றத்தில் இரண்டு மடங்காக வீங்கியிருக்கும். வேர்டு கோப்புகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு எடுபடாது. அவை சுருக்கிக் கட்டிய ஜிப் பொட்டலங்கள்.

யூடிஎஃப்-16 வந்துவிட்டால் கூடவே இன்னொரு தொல்லை. டிஃப்பும் கிட்டும் கோப்பின் தொடக்கப் பகுதியில் சுழியம் என்ற பைட் தென்பட்டால் இது எழுத்துக்கோப்பே அல்ல என்று முடிவு கட்டிவிடும். கிட் முதல் 8,000 பைட்டுகளைப் பார்க்கிறது. யூடிஎஃப்-16இல் தமிழ் எழுத்துகளில் சுழியம் வராது, ஆனால் ஒவ்வொரு சொல் இடைவெளியும் 32, 0 என்று இரண்டு பைட்டாக உட்காரும். முதல் இடைவெளியிலேயே மாட்டிக்கொள்ளும். ‘பைனரி கோப்புகள் வேறுபடுகின்றன’ என்று ஒரே வரியில் கையை விரித்துவிடும். கோப்பு கெட்டுப்போகவில்லை, யூடிஎஃப்-8க்கு மாற்றிச் சேமித்தால் போதும்.

இனி தமிழுக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். ‘பொது’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் இதை 2986, 3018, 2980, 3009 என்று நான்கு எண்களாக எழுதலாம். 3018 என்பது ஒகரக் குறி. அதே ஒகரக் குறியை முன்னால் வரும் கொம்பு 3014, பின்னால் வரும் கால் 3006 என்று பிரித்து, மொத்தம் ஐந்து எண்களாகவும் எழுதலாம். திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது. ஒன்று 12 பைட், மற்றது 15 பைட். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. பெரும்பாலான விசைப்பலகைகள் ஒற்றைக் குறியைத்தான் இடுகின்றன. பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் நிரல்களில் சில இரட்டையாக விட்டுவிடுகின்றன. மாற்றிய கையெழுத்துப்படியைப் புதிதாகத் தட்டச்சு செய்ததோடு ஒப்பிட்டால் ஒகர ஓகாரம் வரும் சொல்லெல்லாம் சிவப்பாகும்; மற்றவை சும்மா இருக்கும். அந்தப் புள்ளிகளின் பரவலே நோயைச் சொல்லிவிடும்.

இவ்விரண்டு வடிவங்களும் சமம் என்று யூனிகோட் தரமே சொல்கிறது. சமமானவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர இயல்பாக்கம் என்ற நடைமுறையையும் வகுத்திருக்கிறது. ஆனால் டிஃப்போ கிட்டோ கோப்பின் உள்ளடக்கத்தை ஒப்பிடும்போது அதைத் தாமாகச் செய்வதில்லை. பைத்தான் போன்ற மொழிகளில் இது ஒரே கட்டளை. இரண்டு கோப்புகளையும் முதலில் அதில் ஓட்டி எடுத்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

இயல்பாக்கத்துக்கும் அடங்காத ஆட்கள் உண்டு. ‘கௌரி’ என்று ஒருவர் எழுதுவார், இன்னொருவர் ககரத்துக்குக் கொம்பு போட்டு ளகரத்தைத் தட்டி ‘கெளரி’ என்பார். கண் இரண்டையும் கௌரி என்றே படிக்கும். யூனிகோடுக்கு இரண்டாவதில் இருப்பது ஒரு முழு ளகரம். ‘ஸ்ரீ’யை 3000 என்ற ஸகரத்தில் தொடங்குபவர்கள் உண்டு, 2005இல் தரத்தில் சேர்ந்த 2998 என்ற ஶகரத்தில் தொடங்குபவர்களும் உண்டு. பல எழுத்துருக்கள் இரண்டுக்கும் ஒரே கூட்டெழுத்தைத்தான் காட்டும். தமிழ் எண் ஏழும் எகர எழுத்தும் உருவத்தில் ஒன்று, குறியெண்ணில் 3053, 2958. இவற்றையெல்லாம் நாமே ஒரு மாற்றுப்பட்டியல் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். சொற்களுக்கு நடுவே வரும் முறியா இடைவெளி, எழுத்துகளுக்கு நடுவே ஒட்டிக்கொள்ளும் அகலமில்லாத இணைப்பான்கள் எல்லாம் இதே ரகம். வலைப்பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டிய பத்தி என்றால் அவை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் முழுக் கோப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். சிக்கலான ஒரே ஒரு வரியை இரண்டு பக்கத்திலிருந்தும் தனித்தனிக் கோப்பில் போட்டு, பைட்டுகளை எண்களாகக் காட்டும் நிரல் ஒன்றில் திறந்து பாருங்கள்.

பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணம் இதில் சேராது. அங்கே கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். தமிழ் என்பது எழுத்துரு போட்ட வேஷம். அதை யூனிகோட் ஆவணத்தோடு ஒப்பிட்டால் எல்லாம் மாறியிருக்கிறது என்று கருவி சொல்வது பொய்யே அல்ல.

சமம் என்பதற்கு அடுத்தபடி, அலகு. டிஃப் பிறந்தது நிரலாளர்களுக்காக. நிரலில் வரி என்பது பொருளுள்ள அலகு. உரைநடையில் அப்படி அல்ல. சொற்செயலியிலிருந்து வெறும் உரையாகச் சேமித்த கோப்பில் ஒரு பத்தி முழுவதும் ஒரே வரி. இருநூறு சொல் பத்தியில் ஒரு காற்புள்ளியை எடுத்தால் பத்தி முழுதும் சிவப்பு, அதற்குக் கீழே பத்தி முழுதும் பச்சை. இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. குறிப்பிட்ட அகலத்தில் வரியை உடைத்து வைத்திருந்தால், பத்தியின் தொடக்கத்தில் ஒரு சொல் கூடியதும் கீழே உள்ள வரிகளெல்லாம் ஒவ்வொரு சொல்லாக இடம் நகர்ந்து எல்லாமே மாறியதாகத் தெரியும். இரண்டுக்கும் மருந்து சொல்லை அலகாக்குவது. கிட்டில் அதற்குத் தெரிவு இருக்கிறது, வேர்டு இயல்பாகவே சொல்வாரியாகப் பார்க்கிறது. தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதுகிறவர்களில் சிலர் வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதும் பழக்கமே வைத்திருக்கிறார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது, ஒப்பீடு துல்லியமாக விழும்.

அப்படியானால் எழுத்தையே அலகாக்கினால் இன்னும் துல்லியம் அல்லவா? தமிழில் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ‘படித்தான்’ என்பது ‘படித்தாள்’ ஆகிறது. நமக்கு மாறியது கடைசி மெய்யெழுத்து. கருவிக்கு மாறியது ன என்ற குறி மட்டும். அதன் தலையில் உள்ள புள்ளி தனிக் குறி, அது மாறவில்லை. எனவே னகரத்துக்கு மட்டும் வண்ணம் அடித்து, புள்ளியை அடுத்த துண்டில் தனியாக விடும். துணையில்லாத புள்ளியைக் காட்ட வழியில்லாமல் திரை அதற்குக் கீழே ஒரு புள்ளிவட்டத்தைப் போடும். பைட்டை அலகாக்கிய கருவி இன்னும் கீழே இறங்கும்: ன என்பது 224, 174, 169, ள என்பது 224, 174, 179. முதல் இரண்டும் பொது, மூன்றாவதுதான் வேறு என்று எழுத்தின் வயிற்றிலேயே வெட்டிவிடும். கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரங்கள் திரையில் வருவது அப்போதுதான். கோப்பில் பழுது எதுவும் இல்லை. கருவியை ஒரு படி மேலே, சொல்லுக்கு ஏற்றிவிடுங்கள்.

இப்போது இரண்டாம் வகையினரின் குறை. மாறியது ஏன் தெரியவில்லை? பெரும்பாலும் நாமே காட்டாதே என்று சொல்லியிருப்போம். சிவப்பு வெள்ளத்தைப் பார்த்து மிரண்டு, இடைவெளியைப் பொருட்படுத்தாதே, பெரிய எழுத்து சிறிய எழுத்தைப் பொருட்படுத்தாதே, நிறுத்தக்குறியைப் பொருட்படுத்தாதே என்று எல்லாக் கட்டங்களிலும் குறி போட்டுவிடுகிறோம். குனூ டிஃப்பில் இடைவெளிக்கே இரண்டு தெரிவுகள். ஒன்று, இடைவெளியின் அளவை மட்டும் கண்டுகொள்ளாது. இரண்டு இடைவெளி ஒன்றானால் பேசாமல் இருக்கும். மற்றது, இடைவெளி இருக்கிறதா இல்லையா என்பதையே கண்டுகொள்ளாது. ‘திருடனைக் கண்டு பிடித்தார்’ என்பதும் ‘திருடனைக் கண்டுபிடித்தார்’ என்பதும் முதல் தெரிவுக்கு வேறு வேறு, இரண்டாவதற்கு ஒன்றே. பைத்தான் நிரலில் வரியின் தொடக்க இடைவெளிதான் எந்தக் கட்டளை எதற்குள் அடங்கும் என்பதையே தீர்மானிக்கிறது. அங்கே இடைவெளியை மறைத்துவிட்டு மாற்றம் இல்லை என்று கையெழுத்துப் போடுவது விபரீதம். நிறுத்தக்குறியை மறைத்தால் 1.5 சதவீதமும் 15 சதவீதமும் ஒன்றாகிவிட வாய்ப்பிருக்கிறது.

வேர்டின் ஒப்பீட்டில் இன்னொரு கண்ணி. வந்த ஆவணத்தில் ஏற்கெனவே தடம்பதிந்த திருத்தங்கள் இருந்தால், அவையெல்லாம் ஏற்கப்பட்டுவிட்டன என்று வைத்துக்கொண்டுதான் ஒப்பிடப் போகிறேன் என்று வேர்டு ஒரு சிறு பெட்டியில் கேட்கும். படிக்காமல் ‘ஆம்’ என்று தட்டுவது நம் வழக்கம். யார் எதைத் திருத்தினார்கள், எதை நாம் இன்னும் ஏற்கவில்லை என்ற கணக்கு அத்தோடு கலைந்துவிடும். ஒப்பிடுவதற்கு முன் திருத்தங்களை ஏற்பதா மறுப்பதா என்று பிரதி ஒன்றில் நாமே முடித்துவிடுவது நல்லது. வடிவமைப்பு மாற்றங்களைக் காட்டும் தெரிவை எடுத்துவிட்டால் பக்கம் பெருமளவு தெளியும். அட்டவணை, அடிக்குறிப்பு, மேல்தலைப்பு ஆகியவற்றின் குறிகளை மட்டும் எடுக்காதீர்கள், ஆட்கள் சத்தமில்லாமல் எண்ணை மாற்றுவது அங்கேதான். சேர்த்ததெல்லாம் நீக்கியதாகவும் நீக்கியதெல்லாம் சேர்த்ததாகவும் தெரிந்தால் பழையதையும் புதியதையும் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள்.

பிடிஎஃப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதில் பெரும்பாலும் பத்தியும் கிடையாது, சொல்லும் கிடையாது. இந்த வடிவத்தை இந்த இடத்தில் வரை என்ற கட்டளைகள்தான். தமிழில் கொம்பு இடப்பக்கம் வரையப்படுவதால், உரையைப் பிரித்தெடுக்கும்போது ககரத்துக்கு முன்னால் கொம்பு வந்து விழுவது சகஜம். மூல ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கோப்புறைகளை ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பென்டிரைவில் உள்ள பிரதிகள் எல்லாமே மாறிவிட்டதாகக் கருவி சொன்னால், அது உள்ளே பார்க்காமல் தேதியை மட்டும் பார்க்கிறது. பழைய ஃபேட் வகை வட்டுகள் நேரத்தை இரண்டு விநாடிப் படிகளில்தான் குறிக்கின்றன, அதுவும் உள்ளூர் நேரத்தில். சரியாக ஐந்தரை மணி வித்தியாசம் தெரிந்தால் இந்திய நேரமும் உலக நேரமும் குழம்பியிருக்கின்றன. உள்ளடக்கத்தை ஒப்பிடு என்று மாற்றினால் தீர்ந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் கருவி தரும் பதில் கோணலாகத் தெரிவதுண்டு. இதற்குக் காரணம் பழுது அல்ல, கணக்கின் குணமே. ஒரு வாடகை ஒப்பந்தத்தின் வரிகள் இப்படி: வாடகை, ஒப்பம், முன்பணம், ஒப்பம். வாடகைக்கும் முன்பணத்துக்கும் இடையில் மின்கட்டணம் என்று ஒரு பிரிவையும் அதற்கு ஓர் ஒப்பத்தையும் சேர்க்கிறார்கள். புதிய வரிசை: வாடகை, ஒப்பம், மின்கட்டணம், ஒப்பம், முன்பணம், ஒப்பம். நமக்குச் சேர்ந்தது ‘மின்கட்டணம், ஒப்பம்’. கருவி ‘ஒப்பம், மின்கட்டணம்’ சேர்ந்தது என்று சொன்னாலும் கணக்கு இடிக்காது: இரண்டு விதத்திலும் சேர்ந்தவை இரண்டே வரிகள், பொதுவானவை நான்கு. சமமான விடைகளில் எது மனிதனுக்கு இயல்பு என்று அந்தக் கணிதத்துக்குத் தெரிய வழியில்லை. அடிக்கடி வரும் வரிகள்தான் இந்தக் குழப்பத்தின் மூலம். நிரலில் மூடும் அடைப்புக்குறி மட்டும் உள்ள வரி, படிவத்தில் ‘நாள்’, ‘இடம்’, வெற்று வரி. பிட்டோரண்டை உருவாக்கிய பிராம் கோகன் இதற்கு ஒரு வழி சொன்னார்: இரண்டு கோப்புகளிலும் ஒரே ஒருமுறை வரும் வரிகளை முதலில் இணைவை, அவற்றை நங்கூரமாக வைத்துக்கொண்டு இடையில் உள்ளதைத் தீர். ‘பேஷன்ஸ்’ என்ற பெயரில் கிட்டில் அது இருக்கிறது. அதை நீட்டி எழுதிய ‘ஹிஸ்டோகிராம்’ முறையும் இருக்கிறது. படிக்க முடியாத ஒப்பீடு வந்தால் இந்த இரண்டையும் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நகர்த்தப்பட்ட பத்திதான் உண்மையில் ஆபத்து. பொதுத்தொடர் வரிசை மாறக்கூடாது என்பது அடிப்படை விதி என்பதால், இடம் மாறிய பத்தி ஓரிடத்தில் நீக்கம், வேறிடத்தில் சேர்க்கை. மேலே சொன்ன ஒப்பந்தத்தில் முன்பணப் பிரிவைத் தூக்கிக் கடைசிப் பக்கத்தில் வைக்கிறார் ஒருவர். போகிற போக்கில் 50,000 என்பதை 60,000 ஆக்கிவிடுகிறார். படிக்கிறவர் இங்கே ஒரு சிவப்புப் பத்தியையும் அங்கே ஒரு பச்சைப் பத்தியையும் பார்த்து, ஓ, இடம் மாற்றியிருக்கிறார்கள் என்று கடந்துபோவார். பால் ஹெக்கல் 1978லேயே நகர்வுகளைக் கண்டுபிடிக்கும் முறை ஒன்றை வெளியிட்டார். வேர்டு நகர்ந்த பகுதியைப் பச்சை இரட்டைக் கோட்டில் காட்ட முயல்கிறது. கிட்டிலும் நகர்ந்த வரிகளுக்குத் தனி வண்ணம் தரும் தெரிவு உண்டு. ஆனால் வரி அச்சு அசலாக இருந்தால்தான் அது நகர்வு என்று ஒப்புக்கொள்ளும். இதை நமக்குச் சாதகமாகவே பயன்படுத்தலாம்: நகர்ந்த பத்தியின் நடுவே ஒரு வரி மட்டும் வண்ணம் பெறாமல் இருந்தால் அங்கே யாரோ கைவைத்திருக்கிறார்கள். அந்த வசதி இல்லாத கருவி என்றால், நீங்கிய பத்தியை ஒரு கோப்பிலும் சேர்ந்த பத்தியை இன்னொரு கோப்பிலும் வெட்டி ஒட்டி, அந்த இரண்டையும் தனியாக, சொல்வாரியாக ஒப்பிடுங்கள். ஒப்பத்தை அதற்குப் பிறகு போடலாம்.